அஸருக்குப் பிந்திய வெயில்

எங்கள் ஊர்களில் வெயில் சரியாகப் பங்கு வைக்கப்படவில்லை என்பது என் கருத்து. ஒரே வீட்டில் வாப்பாவுக்கு அது அளவுக்கு மிஞ்சிக் கிடைக்கிறது. மகளுக்கு அது கிடைப்பதே இல்லை. வயலிலும் கடலிலும் நாற்பது வருடம் நின்ற மூத்தப்பாவின் கண்ணில் சதை வளர்ந்து கறுப்புமணியை நோக்கி ஊர்கிறது. அவருடைய பேத்தி தரம் ஐந்தை முடிப்பதற்குள் மூக்கில் கண்ணாடி ஏறிவிடுகிறது. முதலாவதற்கு வெயில் கூடியதும், இரண்டாவதற்கு வெயில் குறைந்ததும் காரணங்களுள் முக்கியமானவை என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். "வெயில் கண்ணுக்குக் கூடாது" என்றே நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்தச் சொல் பாதி உண்மை. மற்றப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் உண்மையான பாதியைப் பார்ப்போம். அக்கரைப்பற்றிலிருந்து ஆலையடிவேம்பு ஊடாகச் சாகாமம் வீதியால் போனால் இரு பக்கமும் வயல்வெளி. அறுவடைக் காலத்தில் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த வெளியில் நிற்பவரின் கண்ணுக்கு மேலிருந்து மட்டும் ஒளி வருவதில்லை. வரம்பில் தேங்கிய நீர், உலர்ந்த வைக்கோல், மண் என்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. கடற்கரையில் நிலைமை இன்னும் கடுமை. உலர்ந்த கடற்கரை மணல் தன்மீது விழும் கழியூதாக் கதிரில் ஏறத்தாழ 15 வீதத்தையும், அலை நுரை 25 வீதத்தையும் திருப்பி எறிகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கரைவலை இழுப்பவருக்கு மேலே ஒரு சூரியன், கீழே ஒரு சூரியன். மெல்லிய மேகம் மூடினாலும் கழியூதாக் கதிரில் 80 வீதம் வரை ஊடுருவி வந்துவிடும் என்பதால், "இன்டைக்கு மப்பாத்தானே இருக்கு" என்று ஆறுதல் கொள்வதிலும் அர்த்தமில்லை.

இந்தக் கதிரின் அளவைச் சொல்லக் கழியூதாச் சுட்டி என்று ஓர் எண் இருக்கிறது. அது 3 ஆனாலே பாதுகாப்புத் தேவை. 11 ஐத் தாண்டினால் மிகக் கடுமை. பூமத்திய கோட்டுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் எமது நாட்டில் மேகமற்ற நண்பகல்களில் 11 ஐத் தாண்டுவது அபூர்வமான செய்தியல்ல, சாதாரண நாள்.

கண்ணில் சதை வளர்வதைப் பற்றி ஒரு விசித்திரமான விடயம் உண்டு. அது பெரும்பாலும் மூக்குப் பக்கத்து ஓரத்திலிருந்தே தொடங்கும். ஏன் மூக்குப் பக்கம்? அவுஸ்திரேலியக் கண் வைத்தியர் மினாஸ் கொரோனியோ இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். பொட்டுப் பக்கத்திலிருந்து சாய்வாக வரும் ஒளியை எமது கண்ணின் முன்புற வளைவான விழிவெண்படலம் ஒரு வில்லையைப் போல வளைத்து, எதிர்ப்பக்கமான மூக்கோரத்தில் குவித்துவிடுகிறது. மறுபக்கத்திலிருந்து வரும் ஒளியை மூக்கு மறைத்துவிடுவதால் வெளியோரம் தப்பிக்கிறது. சிறுவயதில் பூதக்கண்ணாடியால் கடதாசியைக் கருக்கி விளையாடியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. நேரே வரும் வெயிலை விடப் பக்கவாட்டில் வரும் வெயிலே இந்த விடயத்தில் ஆபத்தானது. ஆகவே பக்கம் திறந்த சிறிய கறுப்புக் கண்ணாடியை விட, விளிம்பு அகன்ற ஓலைத் தொப்பி நல்ல வேலை செய்யும். இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது. தொழுகைத் தொப்பிக்கு விளிம்பு இல்லை. எங்கள் ஹிஜாபுக்கும் இல்லை. வயலுக்குப் போகும் வாப்பாமாருக்கு ஓலைத் தொப்பியும், வீதியில் நடக்கும் எங்களுக்குக் குடையும் அந்தக் குறையைத் தீர்க்கும்.

கண்புரையும் அப்படித்தான். 1988 இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், செசபீக் குடாவில் மீன், நண்டு, சிப்பி பிடித்து வாழும் 838 கடற்றொழிலாளரை ஹியூ டெய்லர் என்ற கண் வைத்தியரும் அவருடன் சேர்ந்தவர்களும் ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் எத்தனை வருடம், எந்த மாதங்களில், எத்தனை மணித்தியாலம் கடலில் நின்றார், தொப்பி போட்டாரா, கண்ணாடி போட்டாரா என்று கேட்டுக் கணக்குப் போட்டார்கள். வாழ்நாளில் கண்ணுக்குப் போன கழியூதா பி கதிரின் அளவு இரட்டிப்பானால், வில்லையின் வெளிப்பகுதியில் தொடங்கும் ஒருவகைப் புரையின் அபாயம் 60 வீதம் கூடுகிறது என்று கண்டார்கள். உலகில் கண்புரையால் பார்வை இழந்தோரில் 10 வீதம் வரையானோருக்கு மிதமிஞ்சிய கழியூதாக் கதிர் காரணமாக இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. வயது, நீரிழிவு, புகைத்தல் ஆகியவையும் கண்புரைக்குக் காரணங்கள்தான். ஆனால் வயதை நாம் குறைக்க முடியாது. தொப்பி போட முடியும். செசபீக் குடாவில் அந்தத் தொழிலாளர் படும் வெயில் கோடைக்கு மட்டுமே உரியது. நிந்தவூரிலும் ஒலுவிலிலும் தோணி தள்ளுபவருக்கு வருடம் முழுவதும் கோடை. ஒருவருக்கும் இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பதுதான் என் கவலை. டெங்குக்கு வீட்டுக்கு வீடு வந்து சொல்கிறார்கள். மீனவர் சங்கக் கூட்டத்திலோ விவசாயக் கூட்டத்திலோ கண்ணைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினால் என்ன?

கண்ணாடி வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. சந்தையில் தொங்கும் கறுப்புக் கண்ணாடி எல்லாம் கழியூதாக் கதிரைத் தடுப்பதில்லை. கறுப்பு நிறம் வேறு, கதிரைத் தடுக்கும் தன்மை வேறு. நிறம் மட்டும் உள்ள கண்ணாடியைப் போட்டால் வெளிச்சம் குறைந்துவிட்டதாக எண்ணிக் கண்மணி விரியும். தடுக்கப்படாத கதிர் அந்த விரிந்த வாசலால் தாராளமாக உள்ளே போகும். "யூவி 400" என்று குறித்திருக்கிறதா என்று கேட்டு, நம்பகமான கண்ணாடிக் கடையில் வாங்குவதே புத்தி.

சூரியனை நேராகப் பார்ப்பதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2019 டிசம்பர் 26 ஆம் திகதி காலை வளையச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. யாழ்ப்பாணம், திருகோணமலைப் பக்கம் முழு வளையமும் தெரிந்தது. எங்கள் பக்கம் சூரியனின் பெரும்பகுதி மறைந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. அன்றைய நாள் சுனாமியின் பதினைந்தாவது வருட நினைவு நாளும் ஆகும். எங்கள் கரையோரத்தில் அந்தத் திகதி எப்போதும் பாரத்தோடுதான் விடியும். பள்ளிவாசல்களில் கிரகணத் தொழுகை நடந்தது. வெளியில் பிள்ளைகள் எக்ஸ்ரே படங்களையும் பழைய சீடிகளையும் கண்ணில் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். அவை இரண்டுமே பாதுகாப்பானவை அல்ல. விழித்திரைக்கு வலி உணரும் நரம்புகள் கிடையாது. அது எரியும்போது நமக்குத் தெரியாது. சில மணித்தியாலங்கள் கழித்துப் பார்வையின் நடுவில் ஒரு புள்ளி விழுந்த பிறகே தெரியும். "கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்" என்ற பழமொழியை ஆலையடிவேம்பில் இருக்கும் என் சினேகிதியின் அம்மம்மா அடிக்கடி சொல்வார். நமஸ்காரம் எங்களுடையதல்ல, கண் எல்லோருடையதும்தான்.

இது நவீன கால அறிவு என்றும் நினைத்துவிடக் கூடாது. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் ஆயிரம் வருடத்துக்கு முன் 'கிதாபுல் மனாழிர்' என்ற ஒளியியல் நூலை எழுதினார். கண்ணிலிருந்து ஏதோ கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் நாம் காண்கிறோம் என்று கிரேக்க அறிஞர் பலர் சொல்லியிருந்தார்கள். இப்னுல் ஹைதம் எடுத்துக்காட்டிய சான்றுகளில் ஒன்று மிக எளிமையானது. சூரியனைப் பார்த்தால் கண் வலிக்கிறது. பார்வையைத் திருப்பிய பின்னும் அதன் சாயல் கண்ணில் நிற்கிறது. அப்படியானால் ஒளிதான் கண்ணுக்குள் வந்து எதையோ செய்கிறது. 2015 ஆம் ஆண்டைச் சர்வதேச ஒளி ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தபோது அந்த நூலின் ஆயிரமாவது ஆண்டும் சேர்த்துக் கொண்டாடப்பட்டது. எமது பௌதிகவியல் வகுப்பில் வில்லைச் சூத்திரங்கள் வருகின்றன. இவருடைய பெயர் வருவதில்லை. அது வேறொரு கட்டுரைக்குரிய ஆதங்கம்.

இனி, யாரும் பேசாத மற்றப் பாதி.

கிட்டப்பார்வை என்பது பக்கத்திலுள்ளது தெரிந்து தூரத்திலுள்ளது மங்குவது. கரும்பலகை மங்கும், பஸ்ஸின் பெயர்ப்பலகை மங்கும். இதற்கு மிகப் பெரும்பாலும் காரணம் கண்கோளம் முன்பின்னாக அளவுக்கு மிஞ்சி நீண்டுவிடுவது. வளர்ந்தவரின் கண் ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் நீளம். அதில் ஒரு மில்லிமீற்றர் கூடினாலே கண்ணாடி இலக்கம் மைனஸ் இரண்டரை, மூன்று என்று போய்விடும். நீண்ட கண் திரும்பச் சுருங்குவதில்லை. கண்ணாடி பார்வையைத் திருத்தும், கண்ணைத் திருத்தாது. இலக்கம் மிகக் கூடினால் பிற்காலத்தில் விழித்திரை கழலுதல் போன்ற பெரிய ஆபத்துகளும் கூடும். ஆகவே "கண்ணாடிதானே, போட்டால் சரி" என்று விட்டுவிடக்கூடிய விடயமல்ல இது. 2050 ஆம் ஆண்டளவில் உலக மக்களில் பாதிப்பேர் கிட்டப்பார்வை உள்ளவர்களாக இருப்பார்கள் என்று 2016 இல் ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது.

ஏன் இந்தத் தலைமுறைக்கு இப்படி? அதிகம் வாசிப்பதால், போன் பார்ப்பதால் என்று உடனே பதில் வரும். அதிலும் உண்மை உண்டு. ஆனால் 2008 இல் வெளிவந்த ஓர் ஒப்பீடு என்னை யோசிக்க வைத்தது. சீன வம்சாவளியைச் சேர்ந்த ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளைச் சிங்கப்பூரிலும் சிட்னியிலும் பரிசோதித்தார்கள். சிங்கப்பூரில் 29.1 வீதமானோருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 வீதமானோருக்கு மட்டும். இரண்டு இடத்திலும் பெற்றோரின் பார்வை ஏறத்தாழ ஒரே மாதிரி. சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்கு வாசித்த புத்தகங்களும் கூடுதல். பெரிய வித்தியாசம் ஒன்றில்தான் இருந்தது. சிட்னிப் பிள்ளைகள் வாரத்தில் 13.75 மணித்தியாலம் வீட்டுக்கு வெளியே இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3.05 மணித்தியாலம்.

எங்கள் மூத்தப்பா ஒன்று சொல்வார்: "நாங்க குப்பி லாம்புலதான் படிச்சோம். எங்களுக்குக் கண்ணாடி வந்திச்சா?" நான் இதைக் கிழவர்களின் வழக்கமான பெருமை என்றே எடுத்திருந்தேன். இப்போது அதில் ஒரு விஞ்ஞானம் இருப்பது தெரிகிறது. இரவில் மங்கலான விளக்கு என்றாலும் பகலெல்லாம் அவர்கள் வெளியில்தான் இருந்தார்கள்.

வெளியில் இருப்பதில் அப்படி என்ன இருக்கிறது? ஒளியின் அளவு. ஒளியை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். நல்ல வகுப்பறையில் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். வெளியே திறந்த வெளியில் 10,000 ஐ எளிதாகத் தாண்டும். உச்சி வெயிலில் ஒரு இலட்சத்தைத் தொடும். எமது கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னைப் பழக்கிக் கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்குப் புலப்படுவதில்லை. ஆனால் விழித்திரைக்குப் புலப்படுகிறது. பிரகாசமான ஒளி பட்டால் விழித்திரை டோபமைன் என்ற பதார்த்தத்தைக் கூடுதலாகச் சுரக்கிறது. கண் அளவுக்கு மேல் நீளாமல் பிடித்து வைப்பதில் அதற்குப் பங்கு இருப்பதாகக் கோழிக்குஞ்சுகளில் செய்த பரிசோதனைகள் காட்டின. கடும் ஒளியில் வளர்த்த குஞ்சுகளுக்குக் கண் நீள்வது குறைந்தது. டோபமைனின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது அந்த நன்மையும் இல்லாமல் போனது.

இங்கே எமது சகோதரிகளும் உம்மாமாரும் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. இந்த நன்மை தோலில் வெயில் படுவதால் வருவதல்ல. கண்ணுக்குள் ஒளி போவதால் வருவது. விற்றமின் டி யின் கதை வேறு. அது தோலின் கதை. கண்ணின் கதையில் அபாயாவும் ஹிஜாபும் ஒரு தடையே அல்ல. முழுக்கை போட்டுத் தலையை மூடியிருக்கும் சிறுமிக்கும், மூடாத சிறுமிக்கும் மைதானத்தில் கண்ணுக்குக் கிடைக்கும் ஒளி ஒன்றுதான். ஆகவே பர்தாவைக் காரணம் காட்டிப் பெண்பிள்ளையை உள்ளே இருத்துபவரும், பர்தாவால்தான் எங்களுக்கு நோய் வருகிறது என்று வெளியிலிருந்து பேசுபவரும் இந்த விடயத்தில் இருவருமே பிழை. எங்களை உள்ளே வைத்திருப்பது உடுப்பு அல்ல. நேரசூசியும் நிறத்தைப் பற்றிய பயமும்தான்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசத்தான் வேண்டும். "வெயிலுக்க நிக்காத புள்ள, கறுத்துப் போயிருவாய்" என்ற வார்த்தையைக் கேட்காமல் எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளையும் வளர்ந்ததில்லை. தம்பி அஸர் தொழுதுவிட்டுப் பந்தோடு போகலாம். அவன் கறுத்தால் ஆம்பிளைப் பிள்ளை. தங்கச்சி வாசலில் நின்றால் எதிர்காலத்தில் வரப்போகும் மாமியாருக்கு இப்போதே பதில் சொல்ல வேண்டும். பத்து வயதுப் பிள்ளையின் கண்ணை, இன்னும் பார்க்காத ஒரு குடும்பத்தின் விருப்பத்துக்காக நாம் பணயம் வைக்கிறோம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நேரசூசி இதைவிடப் பெரிய விடயம். ஒன்றரை மணிக்குப் பாடசாலை விடும். சாப்பிட்டதும் குர்ஆன் மத்ரசா. அது முடிய ரியூஷன். மஃரிபுக்குப் பின் இன்னொரு ரியூஷன் அல்லது வீட்டுப்பாடம். புலமைப்பரிசில் பரீட்சை வரும் தரம் ஐந்தில் சனி, ஞாயிறும் இதே கதிதான். ஒரு பிள்ளை கட்டடத்திலிருந்து கட்டடத்துக்கு நடக்கும் நேரம் மட்டுமே வெளியில் இருக்கும் நேரம். அதுவும் முச்சக்கரவண்டியில் போனால் இல்லை. கிட்டப்பார்வை பெரும்பாலும் தொடங்கி வேகமாகக் கூடுவது ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள். அந்த வயதைத்தான் நாம் பூட்டி வைத்திருக்கிறோம். கொவிட் காலத்தில் இது உலகத்துக்கே பரிசோதனையாக அமைந்தது. சீனாவின் பெய்ச்செங் நகரில் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த 2020 இல் ஆறு வயதுப் பிள்ளைகளில் 21.5 வீதமானோருக்குக் கிட்டப்பார்வை காணப்பட்டது. அதற்கு முந்திய ஐந்து வருடங்களில் அது 5.7 வீதத்தைத் தாண்டியதில்லை.

மாற்றம் முடியாததும் அல்ல. தாய்வான் பரீட்சையைப் பற்றிய வெறியில் எங்களுக்குச் சளைத்த நாடல்ல. அங்கே பார்வை குறைந்த ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளின் வீதம் 2001 இல் 34.8 ஆக இருந்து 2011 இல் 50 ஆக ஏறியது. 2010 இல் அரசாங்கம் ஒரு திட்டம் தொடங்கியிருந்தது: நாளொன்றுக்கு 120 நிமிடம் பிள்ளைகளை வெளியில் விட வேண்டும். மேலே ஏறிக்கொண்டே போன கோடு திரும்பி, 2015 இல் 46.1 க்கு இறங்கியது. சீனாவின் குவாங்சோவில் 12 பாடசாலைகளில் முதலாம் தரப் பிள்ளைகளை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். ஆறு பாடசாலைகளில் தினமும் 40 நிமிட வெளிப்புறப் பாடவேளை ஒன்றைக் கூட்டினார்கள். மற்ற ஆறில் வழமைபோல விட்டார்கள். மூன்று வருடத்தில் வழமையான பாடசாலைகளில் 39.5 வீதமானோருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது, மற்றவற்றில் 30.4 வீதமானோருக்கு. ஒரு பாடவேளைதான். மருந்து இல்லை, கருவி இல்லை.

"நீயே சொன்னாய், வெயில் கண்ணுக்குக் கெடுதி என்று, இப்போது வெளியே விடச் சொல்கிறாயே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்குரிய பதில் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையிலேயே இருக்கிறது. கழியூதாக் கதிரிலிருந்து தப்ப உலகெங்கும் சொல்லிக் கொடுக்கும் எளிய விதி ஒன்று உண்டு: உன் நிழல் உன்னை விடக் குட்டையாக இருந்தால் வெயிலைத் தவிர், நிழல் உன்னை விட நீண்டால் பயம் குறைவு. ஷாபிஈ மத்ஹபின்படி அஸர் எப்போது தொடங்குகிறது? ஒரு பொருளின் நிழல், நண்பகலில் இருந்த நிழலைக் கழித்து, அதன் உயரத்தின் அளவுக்கு நீளும்போது. அதாவது பாங்கு சொல்லும்போதே நிழல் எங்களை விட நீண்டுவிட்டது. அந்த விதி கண் வைத்தியத்துக்காக வந்தது என்று நான் சொல்ல வரவில்லை; அப்படிச் சொல்லுவது மார்க்கத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் அழகல்ல. இரண்டும் ஒரே சூரியனைப் பார்த்து நேரம் குறித்திருக்கின்றன, அவ்வளவுதான். அஸருக்குப் பிந்திய வெயிலில் கழியூதாக் கதிர் வேகமாகக் குறைந்துகொண்டு வரும். ஆனால் லக்ஸ் இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கும். அஸரிலிருந்து மஃரிப் வரை எமது ஊரில் இரண்டரை மணித்தியாலம் அளவில் கிடைக்கிறது. தாய்வான் கேட்ட 120 நிமிடம் அதற்குள் அடங்கிவிடும்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நாலு மணிக்கும் வெக்கை தாங்காது என்பது உண்மை. அதற்கு மர நிழல் போதும். 2018 இல் வெளிவந்த தாய்வான் ஆய்வொன்று, மர நிழலிலும் கட்டடத்தின் திறந்த நடைபாதையிலும் கிடைக்கும் ஆயிரம், மூவாயிரம் லக்ஸ் ஒளியே பயன் தருவதாகக் கண்டது. சுட்டெரிக்கும் வெயிலில் நிற்க வேண்டிய கட்டாயமே இல்லை. வேம்பின் கீழே ஒரு கரம்போர்டு, ஒரு கயிறு, ஒரு வலைப்பந்து இருந்தால் நடக்கும். பக்கத்து ஊரின் பெயரிலேயே வேம்பு இருக்கிறது.

ஆகவே பெற்றோரிடம் நான் கேட்பது இதுதான். தரம் ஒன்றிலிருந்து ஐந்து வரையுள்ள பிள்ளைக்கு அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ரியூஷன் வைக்காதீர்கள். பரீட்சை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உயர்தரப் பிள்ளையான நான் அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? நேரத்தை மாற்றுங்கள். மஃரிபுக்குப் பின் அந்த வகுப்பு நடக்கலாம். சுபஹுக்குப் பின்னும் நடக்கலாம். ரியூஷன் ஆசிரியர்கள் ஒரு ஊராகக் கூடி இதை ஒத்துக்கொண்டால், "என் பிள்ளை மட்டும் பின்னுக்குப் போயிருமே" என்ற பயம் எந்த உம்மாவுக்கும் வராது. ஒருவர் தனியாகச் செய்ய முடியாது என்பதால்தான் இதை வீட்டில் பேசாமல் இந்தச் சஞ்சிகையில் எழுதுகிறேன். மத்ரசா நடத்தும் மௌலவிமாரும் முடிந்த இடங்களில் வகுப்பை விறாந்தைக்குக் கொண்டு வரலாம்.

என்னைப்போல ஏற்கெனவே கண்ணாடி போட்டவர்களுக்கு வெளியில் விளையாடி இலக்கம் குறையும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம், குறையாது. வெளிச்சத்தின் பெரிய பலன், கிட்டப்பார்வை வருவதற்கு முன்பே வெளியில் விடப்படும் பிள்ளைக்குத்தான். கண்ணாடி போட்டவர் அதைக் கழற்றி வைத்தால் நல்லது என்பதும் தவறான எண்ணம். கலியாண வீட்டுக்குப் போகும்போது "கண்ணாடியைக் கழட்டு" என்று சொல்லும் மாமிமார் கொஞ்சம் மனம் வைக்க வேண்டும். படியில் தடுக்கி விழுவது நாங்கள்தான். பாடசாலை வைத்தியப் பரிசோதனையில் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்லும்போது முன்னால் நிற்பவர் சொன்னதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை: அது பரீட்சை அல்ல, தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள்.

எமது கல்லூரியிடமும் ஒரு வேண்டுகோள். ஆண்கள் பாடசாலை மைதானங்கள் மாலையில் நிறைந்து வழிகின்றன. எமது மைதானம் சுற்றுமதிலோடு, எவர் பார்வையும் படாமல், ஒன்றரை மணிக்குப் பூட்டிக் கிடக்கிறது. இல்ல விளையாட்டுப் போட்டி வரும் மாதத்தில் மட்டும் திறக்கிறது. பெண்பிள்ளைகள் விளையாடப் பாதுகாப்பான இடம் இல்லை என்று பெற்றோர் சொல்வது நியாயம். அந்த இடம் இங்கே மதில் கட்டித் தயாராக இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள், அஸருக்குப் பின் ஒன்றரை மணித்தியாலம், இரண்டு ஆசிரியைகளும் முறை வைத்து வரும் நான்கு உம்மாமாரும் இருந்தால் ஆரம்பப் பிரிவுக்குத் திறக்கலாம். உயர்தர மாணவிகள் நாங்கள் வந்து தங்கைமாருக்கு வலைப்பந்து சொல்லிக் கொடுக்கத் தயார். பகலிலும் இடைவேளையில் வகுப்பறைக் கதவை மூடி எல்லோரையும் வெளியே அனுப்பும் வழக்கத்தைத் தொடங்கலாம். தாய்வானில் அதையும் செய்தார்கள்.

மைதானத்தின் வகுப்பறைப் பக்கம் இரண்டு வேம்பு நிற்கின்றன. மேற்குப் பக்கம் வெறும் மணல். மாலை வெயில் அங்கிருந்துதான் அடிக்கிறது. அந்தப் பக்கம் ஐந்து கன்று வைத்தால் தங்கைமார் சாதாரண தரம் எழுதும் காலத்தில் நிழல் விழும். நடுவதானால் ஐப்பசியில் மாரி மழை பிடிக்கும் முன் நட வேண்டும். பிறகு தை வரைக்கும் தண்ணீர் ஊற்றும் வேலையில்லை.